சைபர் என்று சொன்ன பெட்டி

போன மாதம் என் பழைய பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததுகூட இல்லை. கம்பைலரில் ஒரு புது வசதி சேர்க்கப் போகிறார்களாம். புரோகிராம் எழுதுகிறவர் ஏதாவது ஓர் இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டால், அவர் என்ன நினைத்திருப்பார் என்று கம்பைலரே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சோதித்துப் பார்த்ததில் பெரும்பாலும் சரியாகவே நிரப்புகிறதாம். ‘இது பற்றி உங்கள் கருத்து என்ன, மேடம்?’ என்று கேட்டிருந்தார்கள். நாலு வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆலங்காயம். அப்பாவுக்குக் கடலைக்கொல்லை. வாணியம்பாடிக்கு பஸ்ஸில் போய்க் கணிதம் படித்தேன். பிறகு சென்னையில் கணினி மேற்படிப்பு. படிப்பு முடிந்ததும் அளவுக்கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். மழைமானி, நீர்மட்டம் காட்டும் கருவி, குளிர்பதன அறைகளுக்கான வெப்பமானி என்று பல கருவிகள் செய்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னச் சிப்பு இருக்கும். அதற்குள் ஓடும் புரோகிராமை எழுதுவதற்கு எங்களுக்கென்று ஒரு சிறிய மொழி வைத்திருந்தோம். அந்த மொழியில் மனிதர் எழுதியதைச் சிப்புக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அந்தக் கம்பைலரைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எங்கள் ஐந்து பேரின் வேலை.

எங்களுக்குத் தலைவர் ஹபீப் சார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், வாணியம்பாடி. நேற்றுச் சேர்ந்த பெண்ணைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் என்னை ‘வசந்தா, கொஞ்சம் தயவு பண்ணி இங்க வர்றீங்களா’ என்று அழைத்த நாட்களில் எந்தத் தப்பு பிடிபட்டதோ என்று யோசித்துக்கொண்டே போவேன்.

புதன்கிழமைகளில் மொழியைப் பற்றிய கூட்டம் நடக்கும். மொழியில் யார் என்ன மாற்றம் கொண்டுவந்தாலும் அதைத் தாளில் அச்செடுத்து வர வேண்டும். ஹபீப் சார் நின்றுகொண்டேதான் படிப்பார். படித்து முடித்ததும், “இது யாருக்குத் தெரியும்?” என்று கேட்பார். ஒரு கணக்கை எந்த வரிசையில் போட்டால் வேகமாக முடியும் என்பது கம்பைலருக்கே தெரியும். அதை எழுதுகிறவரிடம் கேட்கக் கூடாது. ஒரு தொட்டி எத்தனை அடி ஆழம் என்பது எழுதுகிறவருக்குத்தான் தெரியும். அதைக் கம்பைலர் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது. முடிவானதை ஒரு நீள நோட்டில், என்ன முடிவு, ஏன், யார் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

கம்பைலர் காட்டும் பிழைச் செய்திகளை அவர் வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். “இத ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவீங்களா?” என்பார். சொல்ல முடியாது என்று தோன்றினால் மாற்றி எழுத வேண்டும். முதல் வருடம் எனக்கு இது விளையாட்டாகப் பட்டது.

நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து ஒரு தொல்லை வந்தது. புரோகிராமில் ஓர் எண்ணுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அதில் எதுவும் போடாமல் விட்டால், அந்த இடத்தில் முன்பு கிடந்த பழைய எண் அப்படியே இருக்கும். ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் எங்கள் வெப்பமானி திடீரென்று எண்ணூறு டிகிரி காட்டி எல்லாரையும் ஓட வைத்தது. காரணம் இந்தப் பழைய குப்பைதான். நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் எதுவும் போடாத இடத்தில் கம்பைலரே சைபர் போட்டுவிடட்டும்.

ஹபீப் சார் வழக்கம்போலக் கேட்டார். “அந்த எடத்துல இன்னா இருக்கணும்னு யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது சார். அதனாலதான் சைபர்.”

“சைபரும் ஒரு எண்தானேங்க?”

“ஆமா சார். ஆனா அதால யாருக்கும் கெடுதல் வராது.”

அவர் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். குப்பை எண்கள் அன்றோடு நின்றன. கருவிகள் வைத்த இடங்களிலிருந்து பாராட்டுக்கூட வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜவ்வாது மலையில் மூன்று மழைமானிகள் வைத்தோம். அடிவாரத்தில், சந்தவாசலிலிருந்து படவேடு போகும் பக்கத்தில், ஒரு கானாற்றின் குறுக்கே தரைப்பாலம் ஒன்று உண்டு. மலையில் கொட்டும் மழை ஒன்றரை மணி நேரத்தில் அங்கே வந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. மழைமானிகள் ரேடியோ மூலம் தகவல் அனுப்பும். பாலத்தின் பக்கத்தில் இருக்கும் பெட்டி மூன்றையும் கூட்டும். கூட்டுத்தொகை ஒரு அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. புரோகிராமை எழுதியவர் செல்வராஜ், எங்கள் களப் பொறியாளர், சந்தவாசல்காரர். நன்றாக எழுதக்கூடியவர்.

இரண்டு மழைக்காலம் எந்தக் குறையும் இல்லாமல் போயின. ஊரில் எல்லாரும் விளக்கை நம்பப் பழகிவிட்டார்கள்.

மூன்றாவது ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல் செல்வராஜ் போன் செய்தார். “மேடம், பால்காரர் மணின்னு ஒருத்தரு. தரைப்பாலத்துல வண்டியோட அடிச்சிக்கினு போய்ட்டாரு. ஒரு புங்க மரத்துல மாட்டிக்கினு இருந்தாரு, தூக்கிட்டாங்க. உயிர் கீது. காலு மட்டும் நசுங்கிப் போச்சி.” அப்புறம் சொன்னார்: “விளக்கு பச்சதான் மேடம் எரிஞ்சிது. இப்பவும் பச்சதான் எரியுது.”

மறுநாள் காலை ஹபீப் சாரும் நானும் காரில் கிளம்பினோம். முதலில் வேலூர் ஆஸ்பத்திரி. மணிக்கு நாற்பது வயது இருக்கும். வலது கால் முழுக்கக் கட்டு. நாங்கள் யார் என்று சொன்னதும் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் தடுத்தேன்.

“என்ன நடந்துதுங்க?” என்று ஹபீப் சார் கேட்டார்.

“பாலம் கிட்ட வந்து நின்னன் சார். தண்ணி கொஞ்சம் செவப்பா தெரிஞ்சிது. எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சி. ஆனா பச்ச எரியுதே, மிஷினு பொய் சொல்லாதுன்னு எறங்கிட்டன். பாதி பாலம் போனதும் வந்துடுச்சி.”

அவர் எங்களைக் குறை சொல்லும் தொனியில் பேசவே இல்லை. ஏமாந்தது தன் தப்பு என்பதுபோலச் சொன்னார். அவர் மனைவி ஜன்னல் ஓரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து தரைப்பாலம். பெட்டியைத் திறந்து பதிவுகளைப் பார்த்தோம். கீழ் இரண்டு மழைமானிகளும் கொஞ்சம் மழை காட்டியிருந்தன. உச்சியில் இருந்த மூன்றாவது, காலையிலிருந்து சைபர், சைபர், சைபர்.

மலைமேல் போனோம். அந்த மழைமானி பச்சையம்மா என்ற பெண்ணின் சாமைக்கொல்லை ஓரத்தில் இருந்தது. இலை தழை விழுந்தால் துடைத்துவைப்பதும் ஆடுமாடு நெருங்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. நாங்கள் போனபோது களத்தில் நனைந்த சாமைக்கதிரைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார். கம்பத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. இடி இறங்கி ரேடியோவின் கம்பி கருகிப்போயிருந்தது.

“காலைல மொத இடியே இதும்மேலதான் வுழுந்துச்சி,” என்றார் பச்சையம்மா. “அப்புறம் கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சி. வூட்டு முன்னால வெச்ச பக்கெட்டு ரெண்டு தபா ரொம்பி வழிஞ்சிது. யாராச்சும் போன் பண்ணி கேட்டிருந்தா சொல்லியிருப்பன்.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “கீழ உங்க பொட்டி இன்னாமா சொல்லிச்சி?”

“சைபர்னு காட்டுச்சிங்க.”

“சைபர்னா?”

“மழை இல்லைன்னு.”

அவர் கம்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இதான் கருகிப் போய் ஊமையாட்டம் நின்னுதே. ஊம எப்படிமா மழ இல்லன்னு சொல்லும்?”

பதில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அது சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்,” என்றேன். பச்சையம்மாவுக்கு அது புரிந்திருக்காது. விளக்கிச் சொல்லவும் எனக்கு அப்போது தெம்பு இல்லை. செல்வராஜின் புரோகிராமில் மூன்று மழைமானிகளுக்கும் மூன்று இடங்கள் இருந்தன. தகவல் வந்தால் அந்த இடம் நிரம்பும். வராவிட்டால் காலி. அந்தக் காலி இடத்தில் சைபரை வைத்தது என் கம்பைலர். எழுதியவருக்குக்கூடத் தெரியாமல் வைத்தது.

காரில் இறங்கி வந்தோம். சந்தவாசல் நெருங்கும்போது ஹபீப் சார் சொன்னார்: “வசந்தா, நோட்டுல என் கையெழுத்தும் இருக்குதுங்க.” என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார். தேறவில்லை.

சென்னை திரும்பியதும் நான் செய்த வேலையைப் பயத்தில் செய்தேன் என்றுதான் இப்போது சொல்வேன். தானாகச் சைபர் போடுவதைப் பிடுங்கி எறிந்தேன். அதோடு நிற்கவில்லை. கம்பைலர் தானாக முடிவுசெய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் எழுதுகிறவரிடமே கேட்கும்படி மாற்றினேன். இந்த எண் முழு எண்ணா, பின்னமா? இந்த இடத்தில் தொடக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? இதை எவ்வளவு நேரம் நினைவில் வைக்க வேண்டும்? பதில் எழுதாமல் எதுவும் ஓடாது. இனிமேல் எதுவும் யாருக்கும் தெரியாமல் நடக்காது என்று நினைத்தேன். ஹபீப் சார் அந்தச் சமயம் இரண்டு மாத விடுப்பில் இருந்தார். கூட்டத்தில் வேறு யாரும் என்னை மறுக்கவில்லை. நான் இருந்த நிலையில் மறுக்க அவர்களுக்கு மனம் வந்திருக்காது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு தரைப்பாலத்துப் பெட்டியில் புதிய புரோகிராமை ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் நானே ஒரு தடவை படித்துவிடலாம் என்று சந்தவாசல் போனேன். செல்வராஜின் அறையில் மேசை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டேன். மூன்று மழைமானிகளுக்கும் எதிரே ‘தொடக்கத்தில் சைபர்’ என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் சைபர். கம்பைலர் கேட்ட அத்தனை கேள்விக்கும் சைபர்.

“செல்வராஜ், இது நீங்க போட்டதா?”

“ஆமா மேடம்.”

“மணிக்கு நடந்தது தெரிஞ்சுமா?”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “அது எப்படி மேடம் மறப்பேன்? ஆனா நூறு கேள்விக்கு மேல கேக்குது. மொத நாளு ஒண்ணொண்ணா படிச்சன். ரெண்டாம் நாளும் படிச்சன். அப்புறம் சைபர் போட்டா வாய மூடிக்கிதுன்னு தெரிஞ்சிது. எல்லாத்துக்கும் போட்டுட்டன். அதுல இது எங்க இருந்துதுன்னே கவனிக்கல.”

ஒரு வருடம் போயிருந்தது. அதே பெட்டி, அதே சைபர், அதே பச்சை. அன்று படிக்காமல் விட்டிருந்தால் மறுபடியும் யாரோ ஒருவர் இறங்கியிருப்பார். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை கம்பைலரைக் குறை சொல்ல முடியாது, செல்வராஜின் கை எழுதிய சைபர் அது. நான் செய்த ஒரு வருட வேலை, பழியை என் மேசையிலிருந்து அவர் மேசைக்கு நகர்த்தியிருந்தது. அவ்வளவுதான்.

ஹபீப் சாரிடம் சொன்னேன். “கொஞ்சம் தயவு பண்ணி உக்காருங்க வசந்தா,” என்றார். உட்கார்ந்தேன். “செல்வராஜைத் திட்டினீங்களா?”

“இல்லை சார்.”

“நல்லதுங்க. நூறு கேள்வி கேட்டா யாரா இருந்தாலும் படிக்காமத்தான் பதில் போடுவாங்க. நமக்கே தெரிஞ்ச தொண்ணூத்தி ஒம்பதை நாம போய்க் கேட்டோம். அதுல அவருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒண்ணு மூழ்கிப் போச்சு.”

பெட்டியில் அப்போதைக்கு அந்த வரிகளை மட்டும் கையால் திருத்திவிட்டு, நான்கு மாதம் ஒரே வேலையாக உட்கார்ந்தோம். கம்பைலர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அட்டையில் எழுதினோம். புரோகிராமைப் படித்தாலே விடை தெரிந்துவிடும் என்றால் ஒரு பக்கம், வெளியே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றால் மறுபக்கம். முழு எண்ணா பின்னமா என்பது அதை வைத்துப் போடும் கணக்கைப் பார்த்தாலே தெரியும். கம்பைலரே முடிவுசெய்யட்டும். நினைவகத்தில் எங்கே வைப்பது, எப்போது அழிப்பது, அதுவும் அப்படியே. சில அட்டைகளுக்காக இரண்டு நாள் சண்டை போட்டோம். ஒரு அட்டையை நான் மூன்று முறை பக்கம் மாற்றினேன். கடைசியில் மறுபக்கத்தில் மிஞ்சியவை எல்லாம் ஒரே வகையாக இருந்தன. வெளி உலகத்திலிருந்து வரவேண்டிய எண், வராமல் போனால் என்ன செய்வது?

எண்ணாக இருப்பது வேறு, ‘வரவில்லை’ என்பது வேறு என்று மொழியிலேயே வைத்தோம். வராமல் போகக்கூடிய ஒன்றை இன்னொரு எண்ணோடு கூட்ட முயன்றால் கம்பைலர் நின்றுவிடும். அங்கே மட்டும் கேட்கும். சைபர் என்று பதில் போட்டு அதைத் தாண்ட முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதையே எழுத வேண்டும்.

அந்தக் கேள்வியின் வாசகத்துக்கே இரண்டு வாரம் ஆயிற்று. முதலில் நான் எழுதியது, ‘பிழை: மதிப்பு உறுதி செய்யப்படாத மாறி’ என்பதுபோல இருந்தது. வாய்விட்டுப் படித்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. ஹபீப் சார் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுதினோம். கடைசியில் வந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘மேல் மழைமானியின் எண் வெளியிலிருந்து வருகிறது. அது வராமலும் போகலாம். வராதபோது இந்த வரி என்ன செய்ய வேண்டும்?’

செல்வராஜ் போன் செய்தார். “மேடம், இப்ப மூணே மூணு கேள்விதான் கேக்குது. ஆனா அது கேக்கறது எனக்குத் தெரியலையே.”

“தெரிஞ்சவங்க யாரு?”

“பாலத்தத் தாண்டறவங்கதான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கூடினோம். ஊராட்சியிலிருந்து இருவர் வந்தார்கள். அந்த வழியில் ஓடும் பஸ்ஸின் டிரைவர் வந்தார். மணியும் வந்தார், கையில் ஊன்றுகோலோடு. கால் சரியாகக் கூடவில்லை, ஆனால் மூன்று சக்கர வண்டியில் மறுபடி பால் எடுக்கத் தொடங்கியிருந்தார். கேள்வியை அப்படியே சொன்னேன். மேலே இருக்கும் மழைமானி பேசவில்லை என்றால், விளக்கு என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?

ஊராட்சிக்காரர் ஒருவர், “செவப்பு போட்டுடுங்க. வம்பே இல்ல,” என்றார்.

டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “மானம் தெளிவா கீது, மிஷினு கெட்டுப்போய் செவப்பு எரியுதுன்னு வெச்சிக்கங்க. நாலு நாளு நிப்பன். அஞ்சாம் நாளு போயிடுவன். அன்னிக்கி நெசமாவே தண்ணி வந்தா?”

மணி என்னைப் பார்த்துக் கேட்டார். “அதுக்குத் தெரியலன்னா, தெரியலன்னே சொல்ல முடியாதாமா? அதுக்குன்னு தனியா ஒரு விளக்கு வெச்சா போதும். நாங்க எறங்கி தண்ணிய பார்த்துக்கறம்.”

“மஞ்சளா வெச்சிடலாம். விட்டு விட்டு எரியற மாதிரி,” என்றார் செல்வராஜ். டிரைவர் தலையாட்டினார். மஞ்சள் எரிந்தால் பச்சையம்மாவுக்குப் போன் செய்து கேட்பது என்றும் பேசி முடித்தார்கள். செல்வராஜ் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து மூன்று வரி எழுதினார். கம்பைலர் ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

அதற்குள் ஹபீப் சார் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த ஐப்பசியில் நான் தனியாகத்தான் காத்திருந்தேன். மலையில் மழை என்று செய்தியில் சொன்ன ஒவ்வொரு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. மணி பேசினார். செல்வராஜிடம் என் எண்ணை வாங்கினாராம்.

“மஞ்ச எரிஞ்சிதுமா,” என்றார்.

“அப்புறம்?”

“வண்டிய நிறுத்திட்டு எறங்கினன். எனக்குப் பின்னால பஸ்ஸு நின்னுது. டிரைவரு மேல பச்சையம்மாவுக்குப் போனப் போட்டாரு. தூறல்தான், பக்கெட்டு அடிகூட நனையலன்னு சொன்னாங்க. நானும் கோல வுட்டு தண்ணியப் பார்த்தன். கணுக்காலு அளவுதான்.”

“அப்ப ஒண்ணும் ஆகலையா?”

“ஒண்ணும் இல்லமா. தாண்டிட்டன். பாலு ஊத்திட்டு வூட்டுக்குப் போய்க்கினு கீறன்.”